கரைந்த உப்பைக் காய்ச்சியவள்

எங்கள் வீட்டில் நான் உப்பைத் தொடக் கூடாது. திருப்பதியில் பஸ் ஏறி, சித்தூரில் மாறி, பாலசமுத்திரம் பக்கத்து எங்கள் ஊரில் போய் இறங்கினால், அம்மா செய்கிற முதல் காரியம் அடுப்பு மேடையில் இருக்கும் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டுபோய் உள்ளறைப் பரணில் வைப்பதுதான். எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம். பெற்ற பெண் வாசலில் நிற்கிறாள், தோளில் பை தொங்குகிறது, இவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன செய்ய, பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுவேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் சோறு தின்பதே உப்பைச் சொல்லிக்கொடுத்துத்தான். திருப்பதியில் ஒரு தனியார் காலேஜில் இண்டர், அதாவது நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன். வருஷா வருஷம் சோடியம் குளோரைடு வரும். வருஷா வருஷம் அதே பலகை, அதே சாக்பீஸ். கட்டியாக இருக்கும் உப்பில் மின்சாரம் போகாது என்று ஆரம்பிப்பேன். உள்ளே ஒவ்வொரு அயனியும் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற மாதிரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும், அசைய வழி கிடையாது. எண்ணூறு டிகிரிக்கு மேலே காய்ச்சினால் உருகும். உருகினால் மின்சாரம் தாராளமாகப் போகும். அவ்வளவு சூட்டுக்கு எங்கே போவது என்றால், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கரைந்தாலும் அதே விடுதலைதான். சுத்தியலால் அடித்தால் வளையாது, நெளியாது, பட்டென்று உடையும். உடைந்த துணுக்கும் சதுரமாகத்தான் இருக்கும். மழை நாளில் கல்லுப்பு கசிகிறதே, அது உப்பின் குற்றமில்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த மெக்னீசியத்தின் வேலை. நாக்கின் அடியில் கடைசியாக ஒரு கசப்பு தட்டுமே, அதுவும் அதுதான். சுத்தமான உப்பு கசக்காது. கூட வந்து ஒட்டிக்கொண்டதுதான் கசக்கும். இந்த இடம் வரும்போது எனக்கு எங்கள் வீட்டு மனிதர்கள் ஞாபகம் வந்துவிடும்.

அப்புறம் கரைவதைப் பற்றிச் சொல்வேன். உடனே ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "கரிகிபோதே போயினட்டே கதா மேடம்?" என்று தெலுங்கில் கேட்கும். கரைந்துவிட்டால் போய்விட்ட மாதிரிதானே என்று. போகாது ராஜா, எங்கேயும் போகாது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தண்ணீரை ஓட்டிவிட்டால் அதே உப்பு, அதே எடை, அதே சதுரம். இதை வகுப்பில் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் சொன்னதற்குத்தான் ஜாடி பரணுக்குப் போயிற்று.

எனக்கு ஒரே அக்கா. அவளை அம்மாவின் தம்பிக்கே கட்டிக்கொடுத்தார்கள். அதனால் எனக்கு மாமா என்றால் அக்காள் புருஷனும் அவர்தான், தாய்மாமனும் அவர்தான். அப்பா, எங்கள் நைனா, போன பிறகு அம்மா அவர்கள் வீட்டோடு இருந்துவிட்டாள். அங்கே மாமா ஒன்று சொன்னால் அம்மா தலையாட்டுவாள், அம்மா ஒன்று சொன்னால் மாமா தலையாட்டுவார். நடுவில் அக்கா. வேர்க்கடலைக் காட்டில் களை எடுப்பாள், மாட்டைப் பார்ப்பாள், சோறு ஆக்குவாள், வாயே திறக்க மாட்டாள். கோபம் பூராவும் எனக்கு வந்துவிட்டது, பொறுமை பூராவும் அவளுக்குப் போய்விட்டது. பாகம் பிரித்த கடவுளுக்குக் கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, மோட்டார் கொட்டகைத் தொட்டியில் குளித்துவிட்டு வந்த அக்கா, என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் பக்கவாட்டில் வைத்தாள்.

"பாப்பா, இங்க தொட்டுப் பாரேன். கல்லு மாதிரி கீது."

தொட்டேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று, அசையாமல் இருந்தது.

"எத்தினி நாளா கீதுக்கா?"

"கொஞ்ச நாளா கீது. வலி இல்ல."

வலி இல்லை என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள் பாருங்கள், வலிக்காத கட்டிதான் மோசமான கட்டி. படித்த பாவத்துக்குக் கொஞ்சம் தெரியுமே. "நாளைக்கே எங்கூட திருப்பதி வா. ஸ்கேன் எடுத்துடலாம்" என்றேன். அவள் வீட்டைப் பார்த்தாள். எதற்கும் அவள் முதலில் வீட்டைத்தான் பார்ப்பாள்.

வீட்டில் சொன்னேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "இப்ப வேணாம் பாப்பா" என்றார். அக்கா மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். "ஆஸ்பத்திரி, ஸ்கேனுன்னு ஊரு பேச ஆரம்பிச்சா, அம்மாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு எவனாச்சும் போய் சொல்லிப்புடுவான். சம்பந்தம் போயிடும்" என்றார்.

"அக்கா போயிட்டா பரவாயில்லயா மாமா?"

"இன்னா பேச்சு பேசற நீ?" என்று அம்மா பாய்ந்தாள். "கட்டிதான? அம்மனுக்கு உப்பு கொட்டினா கரைஞ்சிடும். எனக்குக் கழுத்துல வந்தது கரையல?"

அம்மாவுக்குக் கழுத்தில் வந்தது ஒரு வேனல் கட்டி. பழுத்து உடைந்து போயிற்று. அந்தப் புண்ணியத்தை உப்பு வாங்கிக்கொண்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. மரு, பரு, கட்டி எது வந்தாலும், ஒரு கை கல்லுப்பை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி, அம்மன் கோயில் குளத்தில் போட வேண்டும். உப்பு கரைகிற மாதிரி கட்டியும் கரையும். மருவுக்குச் செய்தால் எனக்கென்ன, செய்துவிட்டுப் போகட்டும். பெரிய கட்டி என்றால் ஒன்பது வெள்ளிக்கிழமை. அது முடிகிறவரை சாப்பாட்டில் உப்பு சேர்க்கக் கூடாது. உடம்பில் இரும்பு படக் கூடாது. கத்தி படக் கூடாது, ஊசி படக் கூடாது. பட்டால் வேண்டுதல் கெட்டுப்போகும், முதல் வெள்ளியிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அதாவது ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு யாராலும் திரிக்க முடியாது. மாமாவுக்கு அம்மன் மேல் அப்படி ஒரு பக்தி திடீரென்று எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

நான் கத்தினேன், அழுதேன், சோறு தின்னாமல் கிளம்பினேன். அக்கா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து, "ஒம்போது வாரந்தான பாப்பா. அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது? முடிஞ்சதும் ஒங்கூட வந்துடறேன்" என்றாள். சத்தியம்கூட செய்துகொடுத்தாள்.

அதற்கப்புறம் தினமும் போன் செய்வேன். அக்கா வீட்டுக்கெல்லாம் உப்புப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டு, தனக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாளாம். உப்பில்லாத களி, உப்பில்லாத கீரை. வெயிலில் கடலைக்காட்டு வேலை வேறு. வேர்வையில் போகிற உப்பு போய்க்கொண்டே இருக்கும், வருகிற உப்பு கிடையாது. தலை சுற்றுகிறது என்பாள், காலில் குரக்குவலி பிடிக்கிறது என்பாள். அம்மா போனைப் பிடுங்கி, "ஒடம்பு நல்லா எளைச்சிக்கினு வருது. கரையுது பாரு" என்பாள். சந்தோஷமாகத்தான் சொல்வாள். ஐயோ, கரைந்துகொண்டிருந்தது கட்டியா? என் அக்கா.

பாதி வெள்ளிக்கிழமைகள் போனதும் எனக்குத் தாங்கவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்காவைப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. கட்டி மட்டும் ஜோராக வளர்ந்திருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவர்களோடு நானும் கோயிலுக்குப் போனேன்.

குளத்தில் தண்ணீர் இல்லை. வறண்டு வெடித்துக் கிடந்தது. அதற்குப் பதிலாகக் கோயில்காரர்கள் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, போர் தண்ணீர் விட்டிருந்தார்கள். சுத்துப்பட்டு ஊர் பூராவும் கொண்டுவந்து கொட்டிய உப்பு அதற்குள்தான். தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அடியில் கல்லுப்பு கல்லுப்பாகக் குவிந்து கிடந்தது. ஒரு தண்ணீர் இவ்வளவு உப்பைத்தான் வாங்கும், அதற்குமேல் ஒரு கல்கூட வாங்காது. பூரிதக் கரைசல் என்று நான் பலகையில் எழுதிப் போடுகிற சமாசாரம் இங்கே பூப்போட்டுக் கும்பிடப்பட்டுக்கொண்டிருந்தது. அக்கா கையால் போட்ட உப்பு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. அப்படியே இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். "கண்ண மூடி கும்புடு, அது நிதானமா கரையும்" என்றாள்.

சரி, வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் காட்டுவோம் என்று நினைத்தேன். வாத்தியார் புத்தி. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாணலியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். எல்லாரையும் கூப்பிட்டேன். மாமா வந்தார், அக்கா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள், அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது அம்மன் கோயில் தண்ணி. பாக்க வெறும் தண்ணிதான? உப்பு தெரியுதா?"

"தெரியல" என்றார் மாமா.

"கரைஞ்சிடுச்சின்றீங்க. இப்ப பாருங்க."

தண்ணீர் கொதித்தது. சுண்டியது. ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளை வளையம் வந்தது. நடுவில் படபடவென்று பொரிய ஆரம்பித்தது. அடுப்பைத் தணித்தேன். கடைசியில் வாணலி அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. எனக்கு ஒரே குஷி. லேபில்கூட இவ்வளவு அழகாக வந்ததில்லை.

"பாத்தீங்களா? உப்பு கரைஞ்சா மாயமாப் போயிடாது. அப்படியே உள்ள கீது. அக்கா ஒடம்புல இருக்கறதும் அப்படித்தான். நாளைக்கே..."

நான் முடிக்கவில்லை. அம்மா ஒரு கத்துக் கத்தினாள். மாடுகூட மிரண்டது.

"அடிப்பாவி! கரைஞ்சத திரும்பக் கொண்டாந்துட்டியேடி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கணக்குப்படி அந்தத் தண்ணீரில் இருந்தது அக்காவின் உப்பு. இத்தனை வாரம் கரைத்து விட்ட உப்பு. அதைக் காய்ச்சி, கட்டியாக்கி, வீட்டுக்குள் வைத்து, எல்லார் கண்ணுக்கும் காட்டிவிட்டேன். கரைந்துகொண்டிருந்த கட்டியை நானே திரும்ப வரவழைத்துவிட்டேன். நெருப்பு, இரும்பு வாணலி, எல்லாம் பட்டுவிட்டது. மாமா மெதுவாகச் சொன்னார்: "வேண்டுதல் கெட்டுப்போச்சி. இனிமே மொதல்லேந்து செய்யணும்."

முதலிலிருந்து. எந்தப் பாடத்தைக் காட்டி அவளை பஸ் ஏற்ற நினைத்தேனோ, அதே பாடம் அவளுக்கு இன்னும் ஒன்பது வெள்ளிக்கிழமையை வாங்கிக்கொடுத்தது. வகுப்பில் தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மார்க் குறைக்கலாம். பெற்ற தாய்க்கு என்ன குறைப்பது? நான் அக்காவைப் பார்த்தேன். "நீயாவது சொல்லுக்கா" என்றேன். அவள் வாணலியில் இருந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்துதான் ஜாடி பரணில்.

அப்புறம் நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இரண்டாவது சுற்று வெள்ளிக்கிழமைகள் முடிந்தன. கட்டி கரையாததால் அக்காவின் உப்பில்லாச் சாப்பாடு மட்டும் முடியவில்லை. நிச்சயதார்த்தம் நடந்தது. கல்யாணம் முடியட்டும் என்றார்கள். கல்யாணமும் நடந்தது. அக்கா பட்டுப்புடவை கட்டி, கட்டியை மறைத்துப் பின் குத்தி, பந்தியில் எல்லாருக்கும் பரிமாறினாள். இடது கை வீங்கியிருந்ததை யாரோ கேட்டதற்கு, குளவி கொட்டியது என்று மாமா சொன்னார். எவ்வளவு கூசாமல் சொன்னார்! மறுவீடு முடிந்து, விருந்தாளிகள் போய், கடலைக் காட்டுக்கும் தண்ணீர் பாய்ச்சி முடித்த பிறகு, மகாராஜாவுக்கு அனுமதி கொடுக்க மனசு வந்தது.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாள். புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் விற்கிறவள் ஜன்னலுக்கு வந்தாள். உப்பு மிளகாய்த்தூள் தூவியது. அக்கா வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். பழத்தைத் தின்னவில்லை, மேலே இருந்த உப்பை மட்டும் நக்கிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்ததும் என்னைப் பார்த்து, "இன்னி ரோஜுலு ஏம் சேஸ்துன்னாரு?" என்றார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உப்புக் கொட்டிக்கொண்டிருந்தோம் டாக்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவள்தானே நீ என்கிற மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையையும் வாங்கிக்கொண்டேன். மாமா வராந்தாவில் போனில் வேர்க்கடலை விலை பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. ஆபரேஷனுக்கு வழியில்லை. ரத்தத்தில் உப்பு ரொம்பக் கம்மி என்று முதலில் சலைன் ஏற்றினார்கள். வெறும் உப்புத் தண்ணீர். சொட்டுச் சொட்டாக இறங்குவதை அக்கா பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இது இன்னா மருந்து பாப்பா?"

"மருந்து இல்லக்கா. உப்புத் தண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசியில எனக்கு உப்பு போட்டாங்கடி" என்றாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பைத்தியக்காரிகள் மாதிரி சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க வைத்திருந்த மாதிரி கேட்டாள்.

"அன்னிக்கு நீ அந்தத் தண்ணிய காய்ச்சாம இருந்திருந்தா, கரைஞ்சிருக்குமா பாப்பா?"

நீயுமா அக்கா? அந்த வீட்டில் நீ ஒருத்தியாவது என் பக்கம் என்று நினைத்திருந்தேனே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இல்லை, கரைந்திருக்காது, அந்த உப்புக்கும் உன் உடம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உன்னை ஏமாற்றினார்கள், உன் புருஷனும் உன் அம்மாவும் சேர்ந்து உன்னை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவள் தின்ற உப்பில்லாத களியெல்லாம், தலைசுற்றலோடு அவள் எடுத்த களையெல்லாம் வீண் என்று இனிமேல் தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள்?

"கரைஞ்சிருக்கும்க்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் அவளிடம் பார்த்ததே இல்லை. "அப்போ அம்மா மேல தப்பு இல்ல. அவரு மேலயும் இல்ல" என்றாள். ஊசி குத்தாத கையை நீட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ தெரியாமதான பண்ணே. நான் ஒன்னும் நெனச்சிக்கல."

என்னை மன்னித்துவிட்டுத்தான் போனாள், என் அக்கா.

காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள், சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று இழுத்தாள். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் பேசினாள்.

"கரைஞ்சிக்கினுதான் வந்துது. இவதான் காய்ச்சி திரும்பக் கொண்டாந்தா. நான் சொல்லல, அவளே சொன்னா. ஆஸ்பத்திரியில எம் பொண்ணாண்ட அவளே ஒத்துக்கினா. எம் பொண்ணு சாவறதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லி அழுதுச்சி, அவள ஒன்னும் சொல்லாதம்மான்னு."

கூடமே என் பக்கம் திரும்பியது. கல்யாணமாகி வந்திருந்த அக்கா மகளும் திரும்பினாள். ஒரே ஒரு வார்த்தை போதும், பொய் சொன்னேன் என்று. சொன்னால் அக்கா நிம்மதியாகப் போனதும் பொய்யாகிவிடும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்தி போட்டார்கள். அக்கா மகள் இலை போட்டு, ஒவ்வொரு இலை ஓரத்திலும் ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொண்டே வந்தாள். என் இலைக்கு வந்ததும் அவள் கை நின்றது. என்னைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். சாம்பாரில் உப்பு ரொம்பக் கம்மியாக இருந்தது. கேட்கவில்லை. அப்படியே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.